மடி வீங்கினால் முதலில் எது: ட்யூபா, கிண்ணமா, கல்ச்சரா?

வடசென்னை கொடுங்கையூரில் எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் மாடு இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்கு. மூன்று கறவை, ஒன்று சினை. காலை நாலரைக்குப் பால் பீச்சும்போது யார் வீட்டு மாட்டுக்கு என்ன என்பது டீக்கடை திறப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மடி வீக்கம் என்றால் சொல்லவே வேண்டாம், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஒருவர் காம்புத் துளை வழியாக ஆன்டிபயாட்டிக் ட்யூப் ஏற்று என்பார், இன்னொருவர் கற்றாழையை அரைத்துப் பூசு என்பார், வெட்னரி படிக்கும் பையன் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கல்ச்சர் போடுங்க, அதாவது பாலை லேபில் கொடுத்துக் கிருமியை வளர்த்துப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போவான். எல்லாமே சரியான யோசனைதான், ஆனால் எதை முதலில் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு வருடத்தில் நான் எல்லாவற்றையும் ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட்டேன், பாதியைத் தலைகீழ் வரிசையில். அந்த வரிசைக்குக் கொடுத்த விலை எங்கள் மாடு செவலையின் ஒரு காம்பு.

மடிநோய் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது ஒரே கிருமி இல்லை. காம்புத் துளை வழியாக நுழைவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸாக இருக்கலாம், அது கறப்பவர் கையிலும் துடைக்கும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். சாணத்திலும் ஈரத் தரையிலும் வாழும் ஈ.கோலையாக இருக்கலாம். அபூர்வமாக ஈஸ்ட், அல்லது ப்ரோட்டோதீக்கா என்ற பாசி வகை. இந்தக் கடைசி இரண்டையும் எந்த ஆன்டிபயாட்டிக் ட்யூபும் ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான்: வீக்கம், சூடு, திரி திரியாகப் பால். இதைவிடப் பெரிய தொல்லை, வீக்கமும் இல்லாமல் பாலும் வெள்ளையாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் ஓடும் மடிநோய். வெளியே தெரிவதைவிட அப்படித் தெரியாமல் இருப்பதுதான் அதிகம். கறவை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறையும், நாம் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, ட்யூபிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்து முடிந்த வாரம், கொட்டாய்த் தரை இன்னும் சொதசொதவென்று இருந்தது, செவலைக்குப் பின் இடது காம்பு கல் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது ஈத்து, நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்த மாடு. மருந்துக்கடையில் போய் மடி வீக்கம் என்றேன், சீட்டு எதுவும் கேட்காமல் மூன்று ட்யூப் கொடுத்தார்கள். ஏற்றினேன். இரண்டாம் நாளே வீக்கம் இறங்கிவிட்டது, அம்மா சூடம் காட்டாத குறைதான். பத்தாம் நாள் திரும்ப வந்தது. வேறு கம்பெனி ட்யூப், மறுபடி இறங்கியது, மறுபடி வந்தது.

அப்போது எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. நிறைய ட்யூப்களில் ஆன்டிபயாட்டிக்கோடு ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். வீக்கத்தை இறக்குவது அந்த ஸ்டீராய்டு. கிருமி செத்ததா இல்லையா என்பதற்கும் வீக்கம் இறங்கியதற்கும் நேர் சம்பந்தம் இல்லை. மடி மெத்தென்று ஆனதும் குணம் என்று நினைத்து மூன்று நாள் போட வேண்டியதை இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாடிக்கையாளர் அக்கா, 'தம்பி, உங்க பால் ரெண்டு நாளா தயிரா உறையவே மாட்டேங்குது' என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் ட்யூப் ஏற்றிய காம்பின் பாலை மட்டும் கொட்டிவிட்டு மற்ற மூன்று காம்பு பாலை ஊற்றிக்கொண்டிருந்தோம். மருந்து ரத்தம் வழியாக மற்ற காம்புகளுக்கும் போகும், நாலு காம்பு பாலையும்தான் ஒதுக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. உறை மோரில் இருக்கும் கிருமியும் கிருமிதானே, பாலில் மருந்து இருந்தால் அது வேலை செய்யாது. எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது ட்யூப் உறையிலேயே அச்சடித்திருக்கும், மருந்துக்கு மருந்து மாறும், பலதில் 72 மணி நேரம். அதைப் படிக்காமல் ஏற்றுகிறவர்கள் நிறைய, நானும் அதில் ஒருவனாக இருந்தவன்தான்.

ட்யூபில் எனக்குப் பிடித்த ஒரே குணம் வேகம். நோய் என்னவென்று தெரிந்த பிறகு அந்த வேகத்துக்கு அர்த்தம் உண்டு. தெரிவதற்கு முன்னால் அது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவதுதான்.

அடுத்தது கிண்ணம். டாக்டர்கள் சிஎம்டி என்பார்கள், கலிபோர்னியா மஸ்டைடிஸ் (மடிநோய்) டெஸ்ட், 1957-இல் அமெரிக்காவில் உருவானது, இன்றைக்கும் அதை மிஞ்சியது மாட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேறொன்று இல்லை என்பது என் கருத்து. நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, காம்புக்கு ஒரு குழி. முதல் பீச்சலை விட்டுவிட்டு ஒவ்வொரு குழியிலும் இரண்டு மில்லி போலப் பால், அதே அளவு ஊதா நிறத் திரவம், பத்து நொடி தட்டை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள காம்பு பால் கஞ்சி போலக் கெட்டியாகும், அதிகம் போனால் நடுவில் குமிழ் மாதிரி திரண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காரணம் எளிது: கிருமியோடு சண்டை போட உடம்பு வெள்ளை அணுக்களை மடிக்குள் அனுப்புகிறது, அந்தத் திரவத்தில் இருப்பது அடிப்படையில் ஒருவகைச் சோப்பு, அது அணுக்களை உடைத்து உள்ளே இருக்கும் டிஎன்ஏவை வெளியே விட, அதுதான் ஜெல் மாதிரி திரள்கிறது. ஒரு மில்லி பாலில் இந்த அணுக்கள் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் நல்ல மடி என்று கணக்கு. கெட்டியாக எழும்பி நின்றால் அது பல லட்சம், சில சமயம் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

சோப்புதானே என்று துணி துவைக்கும் பவுடரிலேயே இதைச் செய்கிறவர்கள் உண்டு, 3 சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாக முற்றியதை பவுடர் கரைசலும் காட்டிவிட்டது, லேசான கேஸில் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஊதா நிறம் இல்லாததால் வெள்ளைப் பாலில் மெல்லிய திரட்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

கிண்ணத்துக்கும் பொய் சொல்லும் நேரங்கள் உண்டு. கன்று போட்ட முதல் சில நாள் சீம்பாலில் அணுக்கள் இயல்பாகவே அதிகம், அப்போது சோதித்துவிட்டுப் பயப்படக் கூடாது. வற்றப்போகிற மாட்டிலும் அப்படித்தான். ஆடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஆட்டின் மடி பால் சுரக்கும் விதமே வேறு, நல்ல ஆட்டுப்பாலே கிண்ணத்தில் லேசாகத் திரளும், மாட்டுக் கணக்கை அங்கே போடாதீர்கள். இதையெல்லாம்விட முக்கியம், எந்தக் காம்பு என்று கிண்ணம் சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லவே சொல்லாது. நெருப்பு இருக்கிற அறையைக் காட்டிக்கொடுக்கும், யார் வைத்தது என்று தெரியாது.

மடிப்பால் சோதிக்கும் காகிதப் பட்டை, மின்கடத்தலை அளக்கும் கையடக்க மீட்டர் இரண்டும் விற்கிறார்கள். நோய் வந்த மடியில் உப்பு ரத்தத்திலிருந்து பாலுக்குள் கசியும், பாலின் காரத்தன்மை கொஞ்சம் ஏறும், அதைத்தான் இவை பிடிக்கின்றன. பெரியவர்கள் பால் உப்புக் கரிக்கிறது என்று சொன்னது இதைத்தான். காகிதம் மலிவு, ஆனால் பச்சையா நீலப்பச்சையா என்று வீட்டில் மூன்று பேர் மூன்று நிறம் சொன்னோம். மீட்டருக்கு ஐம்பது மாடு வேண்டும். நாலு மாட்டுக்காரருக்குக் கிண்ணமே போதும்.

இப்போது கல்ச்சர், நான் எல்லாவற்றுக்கும் கடைசியில் போய் நின்ற இடம். மூன்றாவது தடவை வீங்கியபோது பாட்டிலில் பாலைப் பிடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, 'கடைசியா மருந்து எப்போ போட்டீங்க?' முந்தாநாள் என்றேன். எழுதிக்கொண்டார், முகத்தில் ஒரு சின்ன அலுப்பு. மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. கிருமி இல்லை என்று படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன், வீட்டில் மடி வீங்கித்தான் கிடக்கிறது. மருந்து கலந்த பாலைத் தட்டில் பூசினால் கிருமி முளைக்காது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் போல விட்டு மறுபடி பால் கொண்டு வரச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரம் செவலை பட்ட பாடு தனி.

கல்ச்சரின் வேலை இப்படிப் போகும். பாலை ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டிலும் இன்னொரு வகைத் தட்டிலும் கோடு இழுத்து 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். 24-இலிருந்து 48 மணி நேரத்தில் புள்ளி புள்ளியாகக் கூட்டம் வளரும், அதன் நிறம், அதைச் சுற்றி ரத்தம் கரைந்த வளையம், சில சோதனைகள், இவற்றை வைத்துப் பெயர் சொல்வார்கள். அப்புறம் அந்தக் கிருமியை மட்டும் எடுத்து வேறொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைத்து இன்னொரு நாள் விட்டால், எந்த மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழுகிறதோ அது வேலை செய்யும் மருந்து. ரிப்போர்டில் எஸ், ஐ, ஆர் என்று மூன்று எழுத்து வரும். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ நடுவில். மொத்தம் இரண்டு மூன்று நாள். கேட்டுக்கொண்டால் அதே நாளில் பாலைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து உருண்டைக் கிருமியா குச்சிக் கிருமியா என்றாவது சொல்வார்கள், அவசரத்தில் டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.

எங்களுக்கு இரண்டாவது தடவை வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பெனிசிலினுக்கும் ஆம்பிசிலினுக்கும் ஆர். பழைய ட்யூப் உறைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதலில் ஏற்றிய இரண்டிலும் இருந்தது அந்தக் குடும்பத்து மருந்துதான்.

பெயர் தெரிவதால் என்ன லாபம் என்று எங்கள் அண்ணன் கேட்டான், மருந்து பெயர் மட்டும் போதாதா என்று. போதாது. அகலாக்டியே என்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் அது பெரும்பாலும் மடியைத் தவிர வேறெங்கும் வாழாது, சாதாரண பெனிசிலினுக்கே பணியும், ஒழுங்காகச் செய்தால் கொட்டாயை விட்டே விரட்டலாம். ஈ.கோலை என்றால் கொட்டாய்த் தரையைப் பார்க்க வேண்டும், லேசான கேஸில் மாட்டின் உடம்பே அதை விரட்டிவிடும், ஆன்டிபயாட்டிக் பெரிதாக எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை; கடுமையான கேஸில் உயிரைக் காப்பதில் முக்கியம் நரம்பில் ஏற்றும் ட்ரிப்ஸும் வீக்கம் காய்ச்சலுக்கான ஊசியும். ஆரியஸ் என்றால் அது மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டியாகப் பதுங்கிக்கொள்ளும், எஸ் என்று வந்த மருந்துகூட அங்கே போய்ச் சேராமல் தோற்கலாம், வற்றும் காலத்தில் போடும் நீண்ட நாள் ட்யூபுக்குத்தான் கொஞ்சம் நல்ல வாய்ப்பு, அந்த மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். மூன்று கிருமிக்கும் மூன்று வேறு வேலை, பார்த்தீர்களா? செவலையை இப்போதும் கடைசியில்தான் கறக்கிறோம்.

கல்ச்சரும் ஏமாற்றும். ஆரியஸ் தினமும் பாலில் வெளிவராது, ஒரு நாள் வரும், மறுநாள் வராது, அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்ததை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மைகோப்ளாஸ்மா என்ற கிருமி வழக்கமான தட்டில் முளைக்கவே முளைக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று நம் கையில் இருக்கிறது: அழுக்காகப் பிடித்த பால். மூன்று வகையோ அதற்கு மேலோ கிருமி முளைத்தால் லேபில் அது மடியிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சாணமும் கையும் வந்து விழுந்தது என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பழைய டானிக் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

மருந்துக்கடையில் சிறுநீர்ச் சோதனைக்கு விற்கும் மூடிபோட்ட சுத்தமான டப்பா போதும். மடியைக் கழுவினால் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும், தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடித்தால் அந்தச் சொட்டில் இருப்பதெல்லாம் டப்பாவுக்குள் போகும். ஸ்பிரிட் பஞ்சால் காம்பு நுனியைத் துடையுங்கள், பஞ்சு வெள்ளையாக வரும்வரை. தூரத்துக் காம்பை முதலில் துடைத்து, பக்கத்துக் காம்பில் முதலில் பிடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நம் கையே துடைத்த காம்பில் உரசும். மூன்று நாலு பீச்சலைத் தள்ளிவிட்டு, டப்பாவைச் சாய்த்துப் பிடித்து ஐந்து மில்லி எடுத்தால் போதும், சொம்பு நிறைய வேண்டாம். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. வெளியே மாட்டின் அடையாளம், எந்தக் காம்பு, தேதி, கடைசியாகப் போட்ட மருந்து. உடனே ஐஸில் வைக்க வேண்டும். வடசென்னைக்காரருக்கு ஐஸுக்கா பஞ்சம், காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் வரும் மீன்கார அண்ணன் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டு, என்னப்பா பாலுக்கும் ஐஸா என்று சிரித்தார். 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பது நல்லது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு சரி, ஃப்ரீசரில் போட்டால் ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் சாகத் தொடங்கும், ரிப்போர்ட் கோணலாகும்.

பிசிஆர் பற்றிச் சுருக்கமாக. கிருமியின் டிஎன்ஏவையே தேடும் சோதனை, முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், சில மணி நேர வேலை. மருந்து போட்ட பிறகும் செத்த கிருமியின் டிஎன்ஏவைக்கூடப் பிடிக்கும் என்பதால் என்னைப் போல முந்திக்கொண்டவர்களுக்கு ஆறுதல், ஆனால் அதனாலேயே உயிரோடு இருப்பதையும் செத்ததையும் பிரித்துச் சொல்லாது. எந்த மருந்து கேட்கும் என்றும் முழுதாகச் சொல்லாது, தனியாகக் கேட்டால் சில எதிர்ப்பு மரபணுக்களைத் தேடுவார்கள், அவ்வளவுதான். கொட்டாயில் நாலைந்து மாட்டுக்கு வரிசையாக வந்து கல்ச்சரிலும் ஒன்றும் முளைக்கவில்லை, மைகோப்ளாஸ்மா சந்தேகம் என்றால் அப்போது பிசிஆர். ஒரு மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கியதும் பிசிஆர் என்று ஓடுவது காசுக்கு நஷ்டம்.

கற்றாழை வைத்தியத்தை நான் கேலி செய்தவன், இப்போது செய்வதில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவப்பாக வரும், அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பத்து முறை போல ஐந்து நாள் பூசுவது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை மருத்துவ மையம் பரப்பிய முறை, தேசியப் பால்வள வாரியமும் எடுத்துச் சொல்கிறது. கிண்ணத்தில் மட்டும் தெரிகிற லேசான கேஸில் எங்கள் வீட்டில் இரண்டு தடவை பூசினோம், இரண்டு தடவையும் அடுத்த வாரக் கிண்ணம் சுத்தமாக வந்தது. தானாகவே சரியாகியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் ஒதுக்கும் தொல்லை இல்லை என்பது பெரிய சவுகரியம். காய்ச்சல் அடிக்கிற மாட்டுக்கு இதை மட்டும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

அப்படியானால் எதை எப்போது? என் கணக்கு இது. மாடு தீனி எடுக்கவில்லை, காது சில்லிட்டிருக்கிறது, பால் மோர்த்தண்ணி மாதிரி வருகிறது, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 103-க்கு மேல், அல்லது வழக்கமான 101 சொச்சத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது என்றால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான், மணிக்கணக்கில் சாகடிக்கும் வகை அது. அவர் ஊசியை எடுப்பதற்கு முன் ஐந்து மில்லி பாலைப் பிடித்து வைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. மருந்து இன்றைக்கே ஆரம்பிக்கட்டும், மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் டாக்டர் மாற்றிக்கொள்வார். ட்யூபா கல்ச்சரா என்று இத்தனை நாள் நாங்கள் தெருவில் போட்ட சண்டை இந்த இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடியது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாக உறைத்தது.

மாடு நன்றாக மேய்கிறது, ஒரு காம்பு மட்டும் கொஞ்சம் கெட்டி, பாலில் நாலு திரி என்றால் பாலைப் பிடித்து லேபுக்கு அனுப்பிவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தில்லாமல் ஒரு நாள் இரண்டு நாள் அடிக்கடி பீச்சிவிட்டுக் காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. திரும்பத் திரும்ப வருகிற காம்புக்குக் கல்ச்சர் கட்டாயம். ஒன்றுமே தெரியாத மாட்டுக்கு மாதம் ஒரு முறை கிண்ணம், புதிதாக வாங்குகிற மாட்டுக்கு விலை பேசும் முன்பே கிண்ணம். செங்குன்றம் பக்கம் ஒரு மாட்டை அப்படித்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தோம், விற்றவருக்குக் கோபம்.

எங்கே போவது என்பதிலும் ஒரு ஒப்பீடு இருக்கிறது. மாட்டையே காட்ட வேண்டுமென்றால் வேப்பேரி, 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. ஆனால் படுத்த மாட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வியாசர்பாடி தாண்டிக் கொண்டுபோவதற்குள் அது இன்னும் நொந்துவிடும், மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை வேறு குளமாகிவிடும். அதனால் மாடு இருக்கிற இடத்துக்கு உள்ளூர்க் கால்நடை மருந்தக டாக்டர், பாலுக்கு மட்டும் லேப். மாதவரம் பால்பண்ணையில் பல்கலைக்கழகத்தின் கால்நடை நல ஆய்வு மையம் இருக்கிறது, எங்களுக்கு மூலக்கடை வழியாக பைக்கில் கொஞ்ச நேரம்தான். போகும் முன் எந்த நேரம் வாங்குவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் வீணாக ஏற்றிய ட்யூப்களின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

நடுவே ஒரு விஷயம். வலிக்கு ஊசி போடும்போது டைக்ளோஃபெனாக் கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்கிறது என்று 2006-இலேயே கால்நடைக்குத் தடை, கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடையாகிவிட்டன, மெலாக்சிகாம் இருக்கிறது. 2019-இல் கொலிஸ்டினையும் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள், மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது போடும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. கடையில் சீட்டில்லாமல் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஊசி எது என்று ஒரு தடவை உறையைத் திருப்பிப் படிப்பதில் தப்பில்லை.

செவலையின் அந்தப் பின் இடது காம்பை டாக்டர் கடைசியில் வற்ற வைத்துவிட்டார். மூன்று காம்பில் எட்டு லிட்டர் வருகிறது. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குகிறோம், பிறகு தீவனத்தைக் கறந்து முடித்த பின்தான் வைக்கிறோம், சாப்பிடுகிற சாக்கில் அரைமணி நேரமாவது நிற்கும், அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். முன்பு கறக்கும்போதே தின்று முடித்துவிட்டு ஈரத்தில் அப்படியே படுத்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நாலு புது டப்பா எப்போதும் இருக்கிறது. போன வாரம் கருப்பிக்கு முன் வலது காம்பு லேசாகக் கெட்டியானபோது ட்யூப் வாங்கி வரட்டுமா என்று அண்ணன் செருப்பை மாட்டினான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், 'மொதல்ல டப்பாவ எடுடா' என்றார்.